"அப்பன் புத்தி" என்ற தீர்ப்பு: கடலூர் மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் நடத்தை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்புலம்

கடலூர் நகரை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில் வாழும் குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. 2023 ஜனவரியில் தொடங்கி 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நடந்தவை இதில் உள்ளன. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியோ மாற்றியோ இருக்கிறேன். எழுதுவதற்குச் சிறுவனும் அவன் தாயும் சம்மதம் தந்தார்கள். அந்தக் காலத்தில் நான் அப்பகுதிப் பள்ளிகளுக்குச் சென்றுவந்த உளவியல் ஆலோசகராக இருந்தேன்.

சிறுவன் 2009இல் பிறந்தவன். தந்தை முதுநகர்த் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் பங்குக்கு வேலை செய்பவர். தாய் விடியுமுன்னே எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். சிறுவனைவிட இரண்டு வயது மூத்த அக்காவும், தந்தையைப் பெற்ற ஆயாவும் அதே வீட்டில் இருந்தார்கள். தாத்தா பல ஆண்டுக் குடியால் ஈரல் கெட்டு இறந்தவர். பெரியப்பாவும் அதே வழியில் போனவர். தந்தை கடலுக்குப் போகும் நாள்களில் அளவாகவும், கரையில் இருக்கும் நாள்களில் அளவின்றியும் குடித்துவந்தார். முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் எல்லை தாண்டினால் புதுச்சேரியின் மதுக்கடைகள் விலை குறைவாகக் கிடைக்கும் தொலைவில் இருந்ததால், கையில் காசு குறைந்த நாளிலும் அவருக்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு இந்தக் குடும்பத்துக்குச் சொந்தப் படகு இருந்தது. அன்று படகும் வலையும் வீடும் போயின. அதன்பின் பிறர் படகில் கூலியாகவும் பங்காளாகவும் வேலை செய்யும் நிலை வந்தது. சிறுவன் பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பு நடந்த இந்த இழப்பும் அவன் வளர்ந்த சூழலின் ஒரு பகுதியே என்பதால் இதை இங்கே பதிகிறேன்.

புகார் வந்த விதம்

2023 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், எட்டாம் வகுப்பில் படித்த இவன், உடன் படிக்கும் ஒருவனின் நெற்றியில் ஜியோமெட்ரி பாக்ஸால் அடித்தான். தையல் போடும் அளவுக்குக் காயம். அடிபட்ட பையனின் பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது. பள்ளியில் கூடிப் பேசியபோது, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. படகுக்கு அழைத்துப் போனால் தானாக அடங்கிவிடுவான் என்று தாய்மாமன் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "இவன் அப்பனும் ஆறாம் வகுப்போடு ஓடிப்போனவன்தான். அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது" என்றார். மாமன் தலையசைத்தார். அதற்கு முன்பே ஆயாவும் என்னிடம் இதையே சொல்லியிருந்தார்: "ரத்தம்மா அது, எங்க போவும்?" அடிபட்ட மாணவனும் சண்டைக்கு முன் சொன்ன சொல் "குடிகாரன் மவனே" என்பதுதான் என்று பின்னர்த் தெரிந்தது.

ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இத்தனை பேர் ஒரே விளக்கத்தைத் தந்தது எனக்குக் கவலையைத் தந்தது. பரம்பரை என்று சொல்லிவிட்டால் பள்ளி செய்ய வேண்டியது ஏதும் மிச்சமில்லை, வீடு செய்ய வேண்டியதும் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் மட்டும் அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

பதிவேட்டில் கண்டது

வகுப்பாசிரியை, இவன் ஏழாம் வகுப்பில் இருந்த காலத்திலிருந்தே, ஒரு நோட்டில் இவனைப் பற்றிய குறிப்புகளைத் தேதி போட்டு எழுதிவந்தார். புகாருக்குச் சான்றாக வேண்டும் என்று தொடங்கிய பழக்கம் அது. இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகுதியும் உதவியது அந்த நோட்டுதான்.

வரிசையாகப் படித்தபோது இரண்டு வகைக் குறிப்புகள் தென்பட்டன. முதல் வகை: இடத்தில் உட்காரவில்லை, கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னான், நோட்டு கொண்டுவரவில்லை, பாதிக் கணக்கில் எழுந்து போனான். இவை ஆண்டு முழுவதும், ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் பரவியிருந்தன. இரண்டாம் வகை: அடித்தான், தள்ளினான், கெட்ட வார்த்தை பேசினான், பையைத் தூக்கி எறிந்தான். இவை அப்படிப் பரவியிருக்கவில்லை. 2022 ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே மாதத்தில் பள்ளி மூடும்வரை ஒரு கொத்து. பிறகு நெடுநாள் எதுவுமில்லை. நவம்பர், டிசம்பரில் மீண்டும் ஒரு கொத்து. பொங்கலுக்குப் பின் இந்தக் காயம். இடைப்பட்ட மாதங்களில் இவன் ஓயாமல் அசைபவனாக இருந்தானே தவிர, யாரையும் அடிப்பவனாக இல்லை.

ஆசிரியை இதைத் தேர்வுப் பயம் என்று நினைத்திருந்தார். தேதிகளைத் தாயிடம் வாசித்துக் காட்டியபோது, அவர் சற்று நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் போட்டு (படகு) போகாத நாளுங்க மேடம்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த ஆண்டு பள்ளி மே மாதத்திலும் நடந்தது. நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடப்பதற்கு முன் பல நாள்கள் கடலுக்குப் போகத் தடை இருந்தது. பொங்கலுக்கும் படகுகள் கட்டிக் கிடந்தன. அப்பா கரையில் இருந்த காலங்களில் மகன் அடித்திருக்கிறான்.

ஒரு நோட்டை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆசிரியையின் கவனமும் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைந்திருக்கலாம். ஆயினும் "ரத்தம்" என்ற விளக்கத்துக்கு இந்த நோட்டு ஒரு நேரடிக் கேள்வியை வைத்தது: ரத்தத்தில் இருப்பது மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்தா வரும்? அதே நோட்டு எதிர்த்திசையிலும் ஒரு கேள்வியை வைத்தது. எல்லாமே வீட்டுச் சூழல்தான் என்றால், அப்பா கடலில் இருந்த அமைதியான மாதங்களிலும் இவனால் ஏன் ஒரு பாடவேளை உட்கார முடியவில்லை? இந்த இரண்டு நடத்தைகளுக்கும் வேர் வேறுவேறாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் கேட்டவை

கரையில் அப்பா இருக்கும் இரவுகளில் சத்தம் முற்றியதும் தாய் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். அவர் ஏலத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளைகளுக்கும் விழிப்பு வந்துவிடும். அந்த நாள்களில் சிறுவன் முழுதாக மூன்று நான்கு மணி நேரம்கூட உறங்கவில்லை. தந்தை மகனை அடித்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தாய் அடிபடுவதை அவன் பார்த்திருக்கிறான்.

ஆயாவோடு நீண்ட நேரம் பேசினேன். பேரனைப் பற்றிக் கேட்டபோது ரத்தம் என்றவர், தம் மகனைப் பற்றிக் கேட்டபோது வேறு கதை சொன்னார். "எம் மவன் இப்புடி இல்லம்மா. சுனாமில போட்டு போனதுக்கு அப்புறம்தான் மனசு உட்டுப்புட்டான். பாவம், சொந்தப் போட்டுக்காரன் கூலிக்குப் போனா எப்புடி இருக்கும்?" மகன் கெட்டதற்குக் காலம் காரணம், பேரன் கெடுவதற்குப் பிறப்பு காரணம். இரண்டையும் அவர் மனதார நம்பினார். நாம் அருகிலிருந்து, அன்போடு, முழு வரலாறும் அறிந்து பார்க்கும் மனிதருக்குச் சூழல் தெரிகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பிறப்பு மட்டுமே தெரிகிறது. இது ஆயாவுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை என்பதை இந்தப் பணியில் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

சிறுவனின் ஓயாத அசைவு அங்கன்வாடிக் காலத்திலேயே தொடங்கியது என்று தாய் சொன்னார். நாலு வயதில் தென்னையில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றவன். தெருவைக் கடக்கும்போது இருபுறமும் பார்த்ததே இல்லை.

தந்தையை, அவர் குடிக்காமல் இருந்த ஒரு காலைப்பொழுதில், வலை பின்னிக்கொண்டிருந்த இடத்தில் பார்த்தேன். மகனைப் பற்றிக் கேட்டேன். அவர் தம்மைப் பற்றிச் சொன்னார்: "எனக்கும் ஒரே எடத்துல குந்த முடியாதுங்க. வாத்தியார் அடிப்பாரு, நான் ஓடிடுவன். கடலுக்குப் போனதுக்கு அப்புறம்தான் ஒடம்பு அடங்குச்சு. கரையில இருந்தா இன்னமும் முடியல." குப்பத்தில் யாரும் இவரை இப்படிக் கேட்டதில்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு ஏதாவது வந்திருந்தால், அது குடியும் அடிதடியும் இல்லை, அவற்றுக்கெல்லாம் முந்திய இந்த அமைதியின்மைதான் என்ற ஐயம் எனக்கு அங்கே உறுதிப்பட்டது.

பரம்பரை பற்றிய அறிவில் நாங்கள் எடுத்துக்கொண்டது

பரம்பரையை மறுத்துப் பேசுவது எளிது. அது உண்மையும் ஆகாது. ஐம்பதாண்டுக் கால இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை, 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் இணைகளின் தரவுகளைக் கொண்டு, மனிதப் பண்புகளில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது. மதுச் சார்பு நோய்க்கு அந்த அளவு ஏறத்தாழ பாதி. கவனக்குறைவு – மிகை இயக்கக் கோளாறு எனப்படும் ஏ.டி.எச்.டி.க்கு அது 70 முதல் 80 விழுக்காடு. மனநலத் துறை அறிந்த நிலைமைகளில் பரம்பரைத் தொடர்பு மிகுந்தவற்றுள் அதுவும் ஒன்று.

இந்த எண்களைத் தலைமை ஆசிரியரிடம் விளக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 49 விழுக்காடு என்பது இந்தச் சிறுவனின் கோபத்தில் பாதி அப்பாவுடையது என்று பொருள்படாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. தனி ஒருவனை அதைக்கொண்டு பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான வீடும் பள்ளியும் கிடைத்துவிட்டால் சூழலால் வரும் வேறுபாடு குறைந்து, யாருடைய மரபணுவும் மாறாமலே அந்த விழுக்காடு உயரும்.

பரம்பரையாக வருவது மாற்ற முடியாதது என்ற எண்ணத்துக்கு ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற நோயை எடுத்துக்காட்டினேன். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்கு வரும் அந்நோயை 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்தார். கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகக் கெடும். பிறந்த சில நாள்களிலேயே கண்டுபிடித்து, ஃபினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்துவந்தால் குழந்தை பிறரைப் போலவே வளரும். முழுக்க மரபணுவால் வரும் நோய்க்கான மருத்துவம் உணவுத் தட்டில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் அறிவியல் பட்டதாரி. அதற்குப் பிறகு அவர் மாற்றுச் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை.

தாய்மாமன் எங்கோ படித்த "வன்முறை ஜீன்" பற்றிக் கேட்டார். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972–73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பேச்சு அது. அதில் கண்டதோ, ஒரு மரபணு வகையைக் கொண்ட ஆண்களுள் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே பிற்கால வன்முறை மிகுந்திருந்தது என்பதுதான். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிசெய்யவுமில்லை. அந்தக் கதையை அப்படியே ஏற்றாலும் அது வீட்டைத்தான் சுட்டுகிறது.

இந்தச் சிறுவனுக்கு மிகவும் பொருந்தியது வேறொரு கருத்து. பெற்றோர் மரபணுவை மட்டும் தருவதில்லை. அந்த மரபணுவோடு ஒத்த வீட்டையும் சேர்த்தே தருகிறார்கள். பிள்ளையின் இயல்பு பிறரிடமிருந்து ஒரு வகை நடத்தையை வரவழைக்கிறது. வளர வளர அவனே தன் இயல்புக்கு ஏற்ற கூட்டத்தைத் தேடிக்கொள்கிறான். உட்கார முடியாதவன் திட்டு வாங்கினான். திட்டு வாங்கியவன் கடைசி பெஞ்சுக்குப் போனான். கடைசி பெஞ்சில் இவனைப் போன்றவர்கள் இருந்தார்கள். அங்கே "குடிகாரன் மவன்" என்ற பெயர் கிடைத்தது. இதில் எந்த இடத்தில் பரம்பரை முடிந்து சூழல் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எந்த இடத்தில் கை வைக்க முடியும் என்று கேட்கலாம். நாங்கள் அதைத்தான் கேட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பள்ளியை விட்டு அனுப்புவதில்லை என்பது முதல் முடிவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு குழந்தையை வெளியேற்ற முடியாது. உடல் தண்டனைக்கும் மன உளைச்சல் தருவதற்கும் அதில் தடை உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருந்தது: தேதி போட்டுக் குறிப்பெழுதும் அளவுக்கு இவனைக் கவனித்த ஒரே மனிதர் அந்த வகுப்பாசிரியை. அடிபட்ட மாணவனின் மருத்துவச் செலவைத் தாய் ஏற்றார். சிறுவன் தாயோடு அவர்கள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டான். இருவரின் இருக்கைகளும் பிரிக்கப்பட்டன. "குடிகாரன் மவன்" என்ற சொல்லுக்காக அந்தப் பையனைக் கண்டிக்க வேண்டும் என்று சிலர் சொன்னபோது நான் தடுத்தேன். பெரியவர்கள் சொன்னதைத்தான் அவனும் சொன்னான்.

அடுத்தது பரிசோதனை. கண், காது, ரத்தம் மூன்றையும் முதலில் பார்த்தோம். பார்வையும் கேட்கும் திறனும் சரியாக இருந்தன. ரத்தசோகை இருந்தது, இரும்புச் சத்து மாத்திரை தரப்பட்டது. அதன்பின் மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருப்பதும், வீடு, பள்ளி இரண்டு இடங்களிலும் காணப்படுவதும் ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யத் தேவையானவை, இரண்டும் பொருந்தின. மருந்து தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது தாய் கேட்ட கேள்வி மிக முக்கியமானது: "இதுவும் ஒரு போதை மாத்திரதானே? குடிகார வூட்டுல பொறந்த புள்ளைக்கு இத குடுக்கலாமா?" சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் பிற்காலப் போதைப் பழக்கம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்றும், சிகிச்சையின்றி விடப்படும் ஏ.டி.எச்.டி.தான் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தாய் ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மருந்தால் மதியத்தில் பசி குறையும் என்பதால் காலையில் வயிறார உண்ணவைப்பது வழக்கமாயிற்று.

வகுப்பில் செய்தவை எளியவை. முன் இருக்கை, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்த வேலை, வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு. சுவரோரம் நின்றுகொண்டே எழுதவும் அனுமதி கிடைத்தது.

மிகுந்த பயன் தந்த முடிவைத் தாயின் தங்கைதான் முன்வைத்தார். படகு போகாத நாள்களில் பிள்ளைகள் இருவரும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் சித்தி வீட்டில் உறங்குவார்கள். சண்டை வந்த பின் எழுந்து ஓடுவது இல்லை. கடல் எச்சரிக்கை வந்த அன்று மாலையே, சாப்பாட்டோடு, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவது.

தாயின் நிலையைத் தனியே பேசினோம். வீட்டு வன்முறைக்கு எதிரான சட்ட உதவியை விளக்கினேன். அவர் அப்போது புகார் தர விரும்பவில்லை. அதை அவர் முடிவுக்கே விட்டு, அவர் நம்பும் மூன்று பெண்களின் எண்களும் உதவி எண் 181உம் கைப்பேசியில் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம்.

தந்தை தாமாகவே குடியை விடுவதாகச் சொன்னார். நாளை முதல் ஒரு சொட்டும் இல்லை என்றார். அப்படிச் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவருக்கு வியப்பாக இருந்தது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் புத்தி பேதலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். 2023 மார்ச்சில் மருத்துவமனையில் சேர்ந்தார்.

சொல்லைக் கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. "அப்பன் மாதிரி" என்று இவனை யாரும், நல்லதற்கும் கெட்டதற்கும், சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். ஆசிரியர்கள் பெரும்பாலும் கடைப்பிடித்தார்கள். ஆயாவால் முடியவில்லை.

சிறுவனிடம் சொல்வதா, மறைப்பதா

ஒரு கேள்வியில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. குடும்பத்தில் குடிநோய் இருப்பதால் இவனுக்குப் பிறரைவிட ஆபத்து அதிகம் என்பதை இவனிடமே சொல்லலாமா? தாய் வேண்டாம் என்றார்: "அத சொன்னா அவனே முடிவு பண்ணிடுவான் மேடம், நாம எப்படியும் இப்புடித்தான்னு." வகுப்பாசிரியையும் அவர் பக்கமே. அவர்கள் அஞ்சியது வீணான அச்சமில்லை.

நான் சொல்ல வேண்டும் என்றேன். அவன் அதை ஏற்கெனவே தெருவில் தீர்ப்பாகக் கேட்டுவிட்டான். அளவோடும் வழியோடும் சொல்ல ஒருவராவது வேண்டும். 2023 இறுதியில், ஒன்பதாம் வகுப்பில் அவன் ஓரளவு நிலைத்த பிறகு, தாயின் சம்மதத்தோடு பேசினேன். டென்மார்க்கில் 1973இல் வெளியான தத்துப்பிள்ளை ஆய்வைச் சொன்னேன். குடிநோயாளியான பெற்றோருக்குப் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே வேறு வீட்டில் வளர்ந்த ஆண்களுக்கு, பிற தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குடிநோய் வந்திருந்தது. ஆகவே பிறப்புக்குப் பங்கு உண்டு. அதே ஆய்வில் அப்படிப் பிறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அந்த நோய் வரவில்லை. அவன் இரண்டாவது எண்ணைத் திரும்பக் கேட்டான்.

இன்னொன்றையும் சொன்னேன்; குப்பத்தின் பேச்சுக்கு நேர் எதிரானது அது. எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாமல் நிற்பவனைப் படகில் பெருமையாகச் சொல்வார்கள். "நல்லா தாங்குவான்" என்பது அங்கே புகழ்ச்சி. ஆனால் குடிநோயாளிகளின் பிள்ளைகளிடம் மதுவின் தாக்கத்தைக் குறைவாக உணரும் தன்மை மிகுதியாகக் காணப்படுகிறது. இளமையில் அப்படித் தாங்குபவர்களுக்கே பின்னாளில் குடிநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். உடல் போதும் என்று சொல்லாததால் அவர்கள் நிறுத்துவதில்லை. முதல் தடவை குடித்து உனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால் அதுதான் உனக்கு எச்சரிக்கை என்றேன். பதினைந்து வயதுக்கு முன் தொடங்குவோருக்குக் குடிநோய் பிறரைவிடப் பல மடங்கு காணப்படுவதையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், எதுவும் பேசவில்லை.

தொடர்ந்து நடந்தவை

2023 தடைக்காலத்தில் சித்தி வீட்டு ஏற்பாடு முழுமையாக நடந்தது. பள்ளி மூடும்வரை நோட்டில் இரண்டாம் வகைக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. அசைவும் மறதியும் குறைந்தன, மறையவில்லை. மருந்தின் பங்கு எவ்வளவு, உறக்கத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன்பே, சித்தி வீட்டில் உறங்கத் தொடங்கிய உடனேயே, அடிதடி நின்றதை ஆசிரியையின் தேதிகள் காட்டுகின்றன.

தந்தை சில மாதங்கள் குடிக்காமல் இருந்தார். மழைக்காலம் வந்ததும் மீண்டும் தொடங்கினார். குப்பத்தில் "பாத்தியா, ரத்தம்" என்றார்கள். குடிநோயில் மீண்டும் விழுவது சிகிச்சையின் வழியில் எதிர்பார்க்கக் கூடியது.

கடுமையான சோதனை 2024 நவம்பர் 30 இரவில் வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகள் மூழ்கின. சித்தி வீட்டிலும் தண்ணீர். எல்லாரும் முகாமில் ஒரே கூடத்தில் இருந்தார்கள், மருந்து நனைந்து போயிற்று, தந்தை குடித்திருந்தார். சோற்றுப் பொட்டலத்துக்கான வரிசையில் சிறுவன் தன்னார்வலர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் விழுந்தார், காயமில்லை. தள்ளியவன் வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து அவரிடம் தானே பேசினான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மருந்தும் பழைய ஏற்பாடும் திரும்ப இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் படிப்பு பின்தங்கியது.

2025 மார்ச்சில், மாசி மகத் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் கூடிய நாளில், நண்பர்களோடு பீர் குடித்தான். ஒரு வாரம் கழித்து அவனாகவே என்னிடம் சொன்னான்: "எல்லாரும் வாந்தி எடுத்தானுங்க மிஸ். எனக்கு ஒண்ணுமே ஆவல. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டன்." சொல்லலாமா என்று நாங்கள் விவாதித்த கேள்விக்கு இதை ஒரு விடையாக நான் எடுத்துக்கொள்கிறேன். அவன் இனிக் குடிக்கவே மாட்டான் என்று இதற்குப் பொருளில்லை.

பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண்களோடு தேறினான். டீசல் மெக்கானிக் படிக்க ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான். நாள் முழுதும் நின்றுகொண்டு கையால் செய்யும் வேலை அவனுக்குப் பொருந்துகிறது.

அக்கா

இந்தக் காலம் முழுவதும் அக்காவைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அமைதியானவள், அம்மாவின் குணம் என்றார்கள். சோறு வடிப்பது, ஆயாவுக்கு மருந்து கொடுப்பது, தம்பியைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லாம் அவள் பொறுப்பு. பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண்கள் சரிந்தபோது, வேலைச் சுமை என்று எல்லாரும் நினைத்தார்கள். 2024இல் அவளையும் பரிசோதித்ததில் கவனக்குறைவு மிகுந்த, மிகை இயக்கம் இல்லாத வகை ஏ.டி.எச்.டி. உறுதியாயிற்று. தம்பிக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கிறது. அவள் யாரையும் அடிக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கும் சூழல் ஒன்று என்று நாம் கருதுகிறோம். அதே திண்ணையில் அதே இரவில் அமர்ந்திருந்தபோது ஒருவனிடம் எதிர்பார்க்கப்பட்டது வேறு, மற்றவளிடம் எதிர்பார்க்கப்பட்டது வேறு. அவனுடைய தடுமாற்றம் வெளியே வந்து பெயர் வாங்கியது. அவளுடையது உள்ளேயே இருந்து, "நல்ல பொண்ணு" என்ற பெயரின் கீழ் மூன்று பொதுத்தேர்வுகளில் இரண்டைத் தின்றுவிட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. உறுதியானால், உடன்பிறந்தவர்களையும், சிறப்பாகப் பெண் பிள்ளைகளை, புகாருக்குக் காத்திராமல் அந்த மாதமே பார்க்க வேண்டும். இதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

குடும்ப வரலாறு கேட்கும் படிவத்தில் "தந்தை குடிப்பாரா" என்ற கேள்வியோடு "தந்தை பள்ளியில் எப்படி இருந்தார்" என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இந்தத் தந்தைக்குப் பதினோரு வயதில் இந்த உதவி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் அஞ்ச வேண்டிய கரையில், அக்டோபர் தொடங்குமுன் மருந்துச் சீட்டின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வீட்டிலும் சித்தி வீட்டிலும் வைக்கச் சொல்கிறோம். மாற்று உறங்குமிடம் தாழ்வான தெருவில் இருக்கக் கூடாது என்பதையும் இப்போது பார்க்கிறோம்.

தந்தையின் முதல் சிகிச்சை மார்ச்சில், மீன் நன்றாகக் கிடைத்த நாள்களில் நடந்தது. பங்கு போகிறதே என்று பாதியில் திரும்பிவிட்டார். 2025இல் தடைக்காலம் தொடங்கிய வாரத்திலேயே சேர்ந்தார். 61 நாள்கள் படகு எப்படியும் கட்டிக் கிடக்கும். வருமான இழப்பு இல்லை. கரையில் இருக்கும் ஆபத்தான நாள்களே சிகிச்சை நாள்களாயின. இதை எழுதும்போது அவர் கடலுக்குப் போய்வருகிறார், குடிக்கவில்லை. அடுத்த மழைக்காலம் இன்னும் வரவில்லை. விசைப்படகுக் குடும்பங்களில் குடிநோய்ச் சிகிச்சைக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே படுக்கைக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்பதைக் கடற்கரைப் பள்ளிகளில் பணியாற்றும் பிற ஆலோசகர்களுக்கும் தெரிவித்திருக்கிறோம்.